கிழக்கே சிங்கப்பூர், மேற்கே துபாய்... நடுவில் நார்த்தாமலை!

2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை நாள். மாலை 5.40 மணி வாக்கில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று கிளம்பியது. மேலே ஏறியதுமே ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. எரிபொருள் நிரம்பிய எடையோடு உடனே இறங்குவது ஆபத்து. எரிபொருளை வானிலேயே வெளியேற்றிவிடும் வசதியும் அந்த ரக விமானத்துக்குக் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். அதனால் திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களின் வானத்தில் அது வட்டமடித்துக்கொண்டே இருந்தது. பொரி, சுண்டலோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே 140-க்கும் மேற்பட்டவர்கள். இரவு எட்டே காலுக்குப் பத்திரமாகத் தரையிறங்கியபோதுதான் எல்லோருக்கும் மூச்சே வந்தது.

இரண்டரை மணி நேரம் பறந்த அந்த விமானம், வழக்கம்போலப் போயிருந்தால் அரபிக்கடலில் பாதியைத் தாண்டியிருக்கும். அன்று அது இறங்கியதோ புறப்பட்ட அதே திருச்சியில். பயண நேரம் இரண்டரை மணி, கடந்த தூரம் பூஜ்ஜியம்!

தூரம் வேறு, போய்ச் சேரும் நேரம் வேறு. இது எங்கள் நார்த்தாமலைப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர், தெருவுக்கு நாலு பேர் என்று வெளிநாட்டில் பிழைக்கிற ஊர்கள் இவை.

நட்ட நடுவில் நம்ம ஊர்

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சி - புதுக்கோட்டை சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது நார்த்தாமலை. முத்துமாரியம்மன் கோயிலும், மேலமலையில் உள்ள விஜயாலய சோழீஸ்வரமும் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கே இன்னொரு வசதியும் உண்டு. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால், திருச்சி டவுனுக்குள் நுழையாமலே போய்விடலாம். கீரனூர், மாத்தூர் தாண்டினால் ஏர்போர்ட். சுமார் 30 கிலோமீட்டர்தான்.

அந்த விமான நிலையத்திலிருந்து நேர்கோடு போட்டுக் கணக்கிட்டால் ஓர் ஆச்சரியம். கிழக்கே சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் சுமார் 2,980 கி.மீ. மேற்கே துபாய் சுமார் 2,940 கி.மீ. வித்தியாசம் வெறும் 40 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய நார்த்தாமலையிலிருந்து திருச்சி டவுனுக்குப் போகிற தூரம்! நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதிகமாகப் போகிற இரண்டு திசைகளுக்கும் நட்ட நடுவில் நம்ம ஊர் இருக்கிறது.

விமான நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம்

முதலில் தூரம். பள்ளிக்கூட வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாகிவிடும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது தூரங்கள் இழுபடுகின்றன. வீட்டில் குளோப் இருந்தால் ஒரு நூலை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அந்த நூல் போகிற வழிதான் மிகக் குறுகிய வழி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு வரைபடத்துக்கும் நூலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால், டெல்லியிலிருந்து அமெரிக்காவுக்கு நூலைப் பிடித்தால் அது வடதுருவத்துப் பக்கம் போகும். குழந்தைகளுக்குச் செய்து காட்டலாம்.

அடுத்தது நேரம். பயணிகள் விமானம் நடுவானில் மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வேகத்தில் போகும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் நிதானமான வேலைகள். அதனால் ஓர் எளிய வழி: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒத்துவரும்.

* திருச்சி - கொழும்பு: சுமார் 420 கி.மீ. - ஒரு மணி நேரம்
* திருச்சி - கோலாலம்பூர்: சுமார் 2,690 கி.மீ. - 3 மணி 50 நிமிடம்
* திருச்சி - துபாய்: சுமார் 2,940 கி.மீ. - 4 மணி 10 நிமிடம்
* திருச்சி - சிங்கப்பூர்: சுமார் 2,980 கி.மீ. - 4 மணி 15 நிமிடம்
* சென்னை - லண்டன்: சுமார் 8,200 கி.மீ. - 10 மணி 45 நிமிடம்

உலகத்திலேயே மிக நீண்ட நேரம் நிற்காமல் பறக்கும் பயணிகள் சேவை சிங்கப்பூர் - நியூயார்க். 15,300 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம். அதற்குப் பெரிய விமானம் வேண்டும், நீளமான ஓடுபாதை வேண்டும். திருச்சியின் ஓடுபாதை சுமார் இரண்டரை கிலோமீட்டர். இங்கே வந்துபோவது பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதை உள்ள சிறிய விமானங்கள். நாலு, ஐந்து மணி நேரப் பயணத்துக்கு அவை தோதானவை.

கடிகாரம் காட்டும் வித்தை

மகன் போன் செய்கிறான். ''காலையில 10 மணிக்கு ஃப்ளைட்டும்மா. பதினொன்றே முக்காலுக்குத் திருச்சி வந்துடுவேன்.'' அம்மாவுக்கு ஆச்சரியம். ''போகும்போது ஏழு மணி நேரம் ஆச்சுன்னியேப்பா, வர்றதுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரமா?''

இரண்டுமே உண்மைதான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திருச்சியில் காலை 10 மணிக்கு ஏறினால், நாலே கால் மணி நேரம் கழித்து நமக்கு மதியம் 2.15. அங்கே மாலை 4.45. கடிகாரத்தைப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம் போனதுபோல இருக்கும். அங்கிருந்து காலை 10 மணிக்கு ஏறினால் இங்கே வந்து இறங்கும்போது 11.45.

துபாய்க்கு இது தலைகீழ். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே மதியம் 12.45-க்கு இறங்கலாம். திரும்பி வரும்போது அதே பயணம் ஐந்தரை மணி நேரம்போலத் தெரியும்.

இதில் இன்னொரு சுவாரஸ்யமும் இருக்கிறது. சூரியனை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் சுமார் 1 மணி 40 நிமிட வித்தியாசம்தான். மலேசியத் தீபகற்பம் 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தபோது சிங்கப்பூரும் சேர்ந்து தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணி சுமாருக்குத்தான் பொழுது விடிகிறது.

தேதி விஷயத்தில் ஏமாந்தவர்களும் உண்டு. டிக்கெட்டில் '11-ம் தேதி, 00.40' என்று இருந்தால், 10-ம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 11-ம் தேதி ராத்திரி வண்டி பிடித்துப் போய் நின்றால், விமானம் முந்தின நாளே போயிருக்கும்.

கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று

ஒரே தூரத்துக்கு ஒரு நாள் மூன்றே முக்கால் மணி, இன்னொரு நாள் நாலரை மணி ஆவது ஏன்? பெரும்பாலும் காற்றுதான் காரணம். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 80 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால், தரைக்கணக்கில் வேகம் 770 ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 930. துபாய் தூரத்துக்கு இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 40 நிமிடம் வித்தியாசம் வரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தரையில் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அதே மாதங்களில் தென்னிந்தியாவின் தலைக்கு மேலே, 12 முதல் 15 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகக் காற்று ஓடுகிறது. 1950-களில் இதைக் கண்டறிந்து சொன்னவர்களில் முக்கியமானவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். பத்து, பதினொரு கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானங்களுக்கும் இந்தக் காற்றின் ஓரம் தட்டும். அப்போது சிங்கப்பூர் போகிறவருக்கு எதிர்க்காற்று. குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் மேற்கிலிருந்து கிழக்கே மேல்காற்று பலமாக அடிக்கும். அப்போது துபாயிலிருந்து ஊருக்கு வருகிறவருக்கு அது தள்ளிவிடும் காற்று.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வழி

காற்றைப் பார்த்துக் கிழக்கே கிளம்புவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 'நகரத்தார்மலை' என்பதே நார்த்தாமலை ஆனது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நகரத்தார் என்றால் அந்தக் காலத்து வணிகர்கள். சோழர் காலத்தில் தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயரில் இது வணிக நகரமாக இருந்ததை இங்குள்ள கல்வெட்டுகள் சொல்கின்றன. 'நானாதேசத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற பெரும் வணிகக் குழுவுக்கு முக்கியமான ஊர்களில் இதுவும் ஒன்று.

அந்த ஐந்நூற்றுவரின் பெயர், கடல் தாண்டி சுமத்ரா தீவின் பாருஸ் பகுதியிலும் கல்லில் இருக்கிறது. கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம் அது. அங்கே லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் கி.பி. 1088. நம் திருச்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,400 கி.மீ.

அந்தப் பயணத்துக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும்? அதற்கும் நானூறு வருஷம் முந்தைய ஒரு குறிப்பு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வூ சிங் என்ற சீனத் துறவி, கடாரத்திலிருந்து கப்பலேறி நாகப்பட்டினம் வந்து சேர 30 நாள் ஆனது. காற்று திரும்புகிற பருவத்துக்காகக் காத்திருந்த மாதங்கள் தனி. போன காற்றிலேயே திரும்பிவர முடியாது.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 'ரஜூலா'வை இன்றும் பெரியவர்கள் மறக்கவில்லை. 1920-களிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த கப்பல். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். அடுத்து வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985-ல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்துபோனது.

30 நாள் ஒரு வாரம் ஆனது. ஒரு வாரம் நாலே கால் மணி நேரம் ஆனது. அப்படியானால் பிரிவும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டதா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு அண்ணன்கள், ஒரே தூரம்

பத்து வருஷத்துக்கும் மேலாகிறது. ஒரு வியாழக்கிழமை இரவு 11 மணிக்கு எங்கள் பெரியப்பா காலமானார். அவருக்கு இரண்டு மகன்கள். பெரிய அண்ணன் சிங்கப்பூரில், கட்டட வேலை. சின்ன அண்ணன் துபாயில், ஒரு கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக். நார்த்தாமலையிலிருந்து இரண்டு பேருமே ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டரில்.

போன் செய்தது நான்தான். சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. துபாயில் இரவு ஒன்பதரை. சின்ன அண்ணன் முழித்துக்கொண்டுதான் இருந்தார். நேரத்தை வைத்துப் பார்த்தால் முதலில் கிளம்பியிருக்க வேண்டியவர் அவர்தான்.

பெரிய அண்ணனின் பாஸ்போர்ட் அவருடைய பெட்டியிலேயே இருந்தது. அறையில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். காலை 9 மணி விமானம். பத்தே முக்காலுக்குத் திருச்சி. பெட்டி, சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. பன்னிரண்டரைக்கு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

சின்ன அண்ணனின் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ் லாக்கரில் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அப்போது அங்கே வார விடுமுறை. சாவி வைத்திருந்தவர் போனை எடுக்கவில்லை. அண்ணன் ராத்திரி முழுக்க ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது நமக்கு மதியம் ஒன்றரை மணி. கிடைத்த முதல் டிக்கெட் துபாய் நேரப்படி இரவு ஒன்பதரைக்கு.

இங்கே பங்காளிகள் கூடிப் பேசினார்கள். ''நாளைக்குச் சனிக்கிழமைப்பா. சனிப்பொணம் தனிப்போகாதும்பாங்க. இருட்டுறதுக்குள்ள எடுத்துடணும்'' என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். ''சின்னவன் வந்துக்கிட்டு இருக்கான் மாமா, ஒரு ராத்திரி பொறுங்க'' என்று பெரிய அண்ணன் கெஞ்சினார். பெரியம்மா யாரையும் பார்க்காமல், ''அவன் எத்தனை மணிக்கு வருவான்?'' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். விடியற்காலை மூன்று மணிக்குத் திருச்சி என்று சொன்னோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பொழுது விடிவதற்கு முன்னால் சின்ன அண்ணன் வந்து சேர்ந்தார். பந்தல் இருந்தது, நாற்காலிகள் இருந்தன. காலையில் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கத்தான் அவரால் போக முடிந்தது.

விமானத்தில் இரண்டு பேருமே நாலு மணி நேரம்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சேதி கேட்டுப் பதின்மூன்றரை மணி நேரத்தில் வீட்டில். இன்னொருவருக்கு இருபத்தொன்பது மணி நேரம். நடுவில் இருந்தது ஒரு லாக்கர் சாவி.

கையில் இருக்க வேண்டியவை

விமானத்தின் வேகத்தை நம்மால் கூட்ட முடியாது. விமானத்துக்கு வெளியே போகிற நேரத்தைக் குறைக்கலாம். எங்கள் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ள ஐக்கிய அரபு அமீரகத்திலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, சட்டம் இடம் தரவில்லை. தயங்காமல் கேளுங்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் போட்டோ உங்கள் போனிலும் ஊரில் ஒருவர் போனிலும் இருக்கட்டும்.

வீட்டுக்கு வீடு கணக்குப் போடுங்கள். நார்த்தாமலையிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக, விமானத்தில் நாலே கால், இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர ஒன்று, அறைக்குப் போக ஒன்று. மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல். இதில் பாதிகூடப் பறக்கும் நேரம் இல்லை.

திருச்சியை மட்டும் பார்க்காதீர்கள். அவசரத்துக்கு மதுரை, சென்னை விமானங்களையும் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து மதுரை ஏர்போர்ட் காரில் இரண்டரை மணி நேரம், சென்னை ஆறு மணி நேரத்துக்கு மேல். நாளை மாலை திருச்சிக்கு வருவதைவிட, இன்று இரவே மதுரைக்கு வந்துவிடுவது சில சமயம் கைகொடுக்கும்.

டிக்கெட் போடும் பொறுப்பு ஒருவருக்கே. சாவு வீட்டில் ஐந்து பேர் ஐந்து விதமாகப் போன் செய்தால் ஒன்றும் நடக்காது. நேரம் சொல்லும்போது 'இந்திய நேரம்', 'துபாய் நேரம்' என்று சேர்த்தே சொல்லுங்கள்.

திருவிழாவுக்கு முன்கூட்டியே போடுங்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் தேருக்கு வர நினைப்பவர்கள், தேதி தெரிந்ததுமே டிக்கெட் எடுத்துவிடுவது பர்ஸுக்கு நல்லது.

சின்ன அண்ணன் இன்னும் துபாயில்தான் இருக்கிறார். கம்பெனி மாறிவிட்டது. பாஸ்போர்ட் இப்போது அவர் கையில். பெரியம்மாவுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. அவருடைய வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருக்கிறார்கள். ஒன்றில் நம்ம நேரம், இன்னொன்றில் துபாய் நேரம். ''சிங்கப்பூருக்கு ஒண்ணு வேண்டாமா பெரியம்மா?'' என்று கேட்டேன்.

''அவன் வந்துடுவான்டா. இவன் எப்பக் கிளம்புவான்னுதான் எனக்குப் பார்க்கணும்'' என்றார்.